தெரியாதக்காவும் பாதிமீசையும்

அடுத்த வீட்டுக் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்பதுவரை கணக்கு வைத்திருக்கும் ஒரு பெண்மணிக்கு, எதுவும் தெரியாமல் இருப்பதற்காக மாதாமாதம் சம்பளம் கொடுத்தார்கள் என்றால் யாராவது நம்புவார்களா? ஆனால் கொடுத்தார்கள். ஒரு மாதம் இரண்டு மாதம் இல்லை, பதினோரு வருடம் கொடுத்தார்கள்.

அவர் வேலை பார்த்தது ஒரு மறுவாழ்வு மையத்தின் மூன்றாவது மாடியில். விபத்திலோ பக்கவாதத்திலோ மூளையில் அடிபட்டவர்களை, பழையபடி சட்டை பொத்தான் போட, பேருந்து பிடிக்க, வேலைக்குப் போகப் பழக்குகிற இடம் அது. கீழ் இரண்டு மாடியில் வைத்தியம். மூன்றாவது மாடியில், அந்த வைத்தியம் உண்மையிலேயே பலிக்கிறதா இல்லை நாமாகப் பலிப்பதாக நினைத்துக்கொள்கிறோமா என்று ஆராய்ச்சி. வருகிறவர்களில் பாதிப்பேருக்குப் புதுப் பயிற்சி, மீதிப்பேருக்கு வழக்கமான பயிற்சி. யாருக்கு எது என்பதை ஒட்டிய உறைக்குள் போட்ட சீட்டு முடிவுசெய்யும். பயிற்சி முடிந்து யார் எவ்வளவு தேறினார்கள் என்று அளப்பவருக்கு மட்டும் அந்தச் சீட்டு விவரம் தெரியவே கூடாது. தெரிந்தால் கை கொஞ்சம் தாராளமாகிவிடும், புதுப் பயிற்சிக்காரருக்கு இங்கே அரை மதிப்பெண் அங்கே அரை மதிப்பெண் என்று விழுந்துவிடும். அப்படி அளக்கிறவர்தான் நம்முடைய அக்கா.

நேர்முகத் தேர்வில் பெரிய டாக்டர், அதாவது அந்த மாடிக்குத் தலைவியான அம்மையார், இதை விளக்கியபோது அக்கா தலையைத் தலையை ஆட்டினார். அளப்பதும் எழுதுவதும்தானே, இதில் என்ன கஷ்டம் என்று நினைத்தார். ஒரு விஷயம் இருக்கிறது, ஆனால் அதைத் தன்னிடம் சொல்லமாட்டார்கள் என்பது எப்படிப்பட்ட சித்திரவதை என்று முதல் வாரத்திலேயே புரிந்துபோயிற்று. அவர் சாப்பாட்டு அறைக்குள் நுழைந்தால் பேச்சு நின்று கரண்டிச் சத்தம் மட்டும் கேட்கும். லிப்டில் ஏறினால் உள்ளே இருப்பவர்கள் வானிலை பற்றிப் பேசுவார்கள். பலகையில் எழுதியிருப்பதை யாராவது ஓடிப்போய் முதுகால் மறைப்பார்கள். இதற்குப் பழிவாங்குவதுபோல அக்கா மற்ற எல்லாவற்றையும் தெரிந்துவைத்துக்கொண்டார். எந்த நர்ஸ் ரகசியமாக நீச்சல் கற்கிறாள், எக்ஸ்ரேகாரருக்கு எத்தனை பல் சொந்தப் பல், பெரிய டாக்டர் யாருக்கும் தெரியாமல் எந்த அலமாரியில் பிஸ்கட் வைத்திருக்கிறார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அப்படியும் ஊழியர்கள் அவருக்கு வைத்த பெயர் தெரியாதக்கா. அந்தப் பெயரில் ஒட்டியிருந்த அநியாயம் அவரை உறுத்திக்கொண்டே இருந்தது.

வீட்டில் ஆறுதல் தேடலாம் என்றால் வீட்டுக்காரர் லிப்ட் மெக்கானிக். மேலே, கீழே, கதவைச் சாத்து என்பதற்கு மேல் வார்த்தை செலவழிக்காத மனிதர். அக்கா ஒரு மணி நேரம் பொரிந்து தள்ளினால் கடைசியில் ஒரு 'ம்' வரும். சில நாள் அதுவும் வராது.

அக்காவின் சோதனை நடந்தது நாற்காலி மேஜையில் இல்லை, நிஜமான கடைத்தெருவில். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதியில் அடிபட்ட சிலர், அறைக்குள் உட்காரவைத்துக் கேட்டால் எல்லாக் கேள்விக்கும் டாண் டாண் என்று பதில் சொல்வார்கள். வெளியே ஒரு சோப்பு வாங்கி வரச்சொன்னால் மாலைவரை ஆளைக் காணமுடியாது. கையும் காலும் பேச்சும் நன்றாக இருக்கும், எடுத்ததை முடிப்பதுதான் போயிருக்கும். அதனால் அவர்கள் கையில் எட்டு வேலை எழுதிய பட்டியலைக் கொடுத்துக் கடைத்தெருவில் விடுவார்கள். சோப்பு, ஊசி, தபால் உறை வாங்கவேண்டும். நூலகம் எத்தனை மணிக்குப் பூட்டுகிறார்கள் என்று கேட்டுவர வேண்டும். இப்படிப் போய், எட்டாவதாக, சரியாகப் பதினொன்றேகாலுக்கு மணிக்கூண்டுக்கு அடியில் நின்று அக்காவிடம் நேரத்தைச் சொல்லவேண்டும். போன கடைக்கு மறுபடி போகக்கூடாது. அந்த எட்டாவது வேலையைத் தவிர வேறு எதற்கும் அக்காவிடம் பேசக்கூடாது. அக்கா பத்தடி பின்னால் அட்டையும் பென்சிலுமாக, முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் நடந்து வருவார்.

கடைக்காரர்கள் ஆரம்பத்தில் அவரைப் பலவிதமாக நினைத்தார்கள். புருஷனைச் சந்தேகப்பட்டுப் பின்தொடர்கிறாள் என்று காய்கறிக்காரம்மா முதலில் பரிதாபப்பட்டார். வாராவாரம் வேறு வேறு ஆளைப் பின்தொடர்வதைப் பார்த்ததும் பரிதாபத்தை நிறுத்திக்கொண்டார். வரித்துறை அதிகாரி என்று நினைத்த பாத்திரக்கடைக்காரர் ஆறு மாதம் அவரைப் பார்க்கும்போதெல்லாம் கேட்காமலே ரசீது எழுதி நீட்டினார். விஷயம் தெரிந்தபிறகு எல்லோரும் பழகிவிட்டார்கள்.

அவருக்கு ஒரே பயம் இளஞ்சிவப்பு நிறத்தில் இருக்கும் ஒரு படிவம். அதற்கு அலுவலகத்தில் நீளமான பெயர் உண்டு. எல்லோரும் அதைத் தெரிந்துவிட்டது படிவம் என்பார்கள். யார் எந்தக் குழு என்று அக்காவுக்குத் தப்பித்தவறித் தெரிந்துவிட்டால் அந்த நிமிடமே சோதனையை நிறுத்தி, மூன்று பிரதி எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். அந்த ஆளின் சோதனை செல்லாது. இரண்டாம் தடவை வைக்கவும் முடியாது. ஆளுக்கு மூன்று சோதனை, மூன்றுக்கும் மூன்று பட்டியல்தான், ஒருமுறை பார்த்த பட்டியல் பழகின பட்டியல் ஆகிவிடும்.

அந்த வருட ஆராய்ச்சி ஒரு குறுஞ்செய்தி பற்றியது. புதுக் குழுவுக்கு மூன்று வாரம் பயிற்சி கொடுப்பார்கள். எந்த வேலையின் நடுவிலும் சட்டென்று நின்று, 'நான் என்ன செய்ய வந்தேன்' என்று தன்னையே கேட்டுக்கொள்ளும் பயிற்சி. பிறகு தினமும் ஆறு தடவை அவர்கள் போனுக்கு 'நில், யோசி' என்று செய்தி வரும். சோதனை நாளில் மட்டும் போனை வாங்கி வைத்துவிடுவார்கள், அது கூவி அக்காவுக்குக் காட்டிக்கொடுத்துவிடக் கூடாதே. மற்றக் குழுவுக்கு வழக்கமான பயிற்சியும் ஓர் அறிவுரைத் தாளும். மொத்தம் அறுபது பேர். ஐம்பத்தொன்பது பேருக்குச் சோதனை ஒருவழியாக முடிந்தது. அறுபதாவதாக வந்தவர்தான் பாதிமீசை.

அவர் முடிதிருத்துபவர். சொந்தக் கடை, நல்ல கைராசி என்று பெயர். கடையின் பெயர்ப்பலகையை நேராக்க ஏணியில் ஏறியவர், அதைச் சரியாக நேராக்கிவிட்டு, எவ்வளவு நேராக இருக்கிறது என்று பார்க்க ஓரடி பின்னால் வைத்தார். ஏணியில் பின்னால் அடி ஏது. ஆறு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்து கடைக்கு வந்தார். முதல் வாடிக்கையாளர் பள்ளிக்கூடத் தலைமையாசிரியர். அவர் மீசையை எடுக்கச் சொன்னார். வலதுபக்கத்தை எடுத்து முடித்ததும் தரையில் முடி கிடப்பது நம்மவர் கண்ணில் பட்டது. துடைப்பத்தை எடுத்தார். பெருக்கிக்கொண்டே வாசலுக்கு வந்தார். வாசலில் டீக்கடை தெரிந்தது. டீக்கடையில் செய்தித்தாள் கிடந்தது. அரைமணி கழித்துத் தலைமையாசிரியர் கழுத்தில் துண்டோடும் பாதி மீசையோடும் தெருவில் இறங்கி அவரைத் தேடிக்கொண்டு வந்ததைப் பார்க்காத மாணவனே அந்தப் பள்ளியில் கிடையாது. பெயர் வந்தது தலைமையாசிரியருக்கு இல்லை, இவருக்கு.

எடுத்ததை முடிக்கும் திறமையோடு இன்னொன்றும் போயிருந்தது. மனதில் தோன்றுவதற்கும் வாயில் வருவதற்கும் நடுவே எல்லோருக்கும் ஒரு கதவு இருக்கும், அவருக்கு அது கழன்றுவிட்டது. தலை வழுக்கையாகிவரும் ஒரு வாடிக்கையாளரிடம், "இதுல வெட்ட என்னண்ணே இருக்கு, ஈரத்துணியால துடைச்சு விடட்டுமா" என்று அக்கறையோடு கேட்டார். அன்றே பாதிமீசையின் மனைவி கத்தியையும் கத்தரிக்கோலையும் பெட்டியில் போட்டுப் பூட்டி, வேறு ஊரில் வேலை பார்த்துக்கொண்டிருந்த தன் தம்பியை அழைத்துவந்து கடையில் நிறுத்தினார். அவனும் அதே தொழில்தான். பாதிமீசை ஒரு மூலையில் துண்டு மடித்துக்கொண்டு, தன் நாற்காலியில் மச்சான் வேலை செய்வதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பாதித் துண்டுகள்தான் மடிந்தன.

முதல் சோதனையில் எட்டுக்கு இரண்டு. சோப்புக்கடைக்காரரின் காதில் முடி வளர்ந்திருப்பதைக் கண்டு, சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்ததோடு மற்ற ஆறும் போயிற்று. அதன்பிறகுதான் சீட்டு எடுத்து அவரைக் குழுவில் சேர்த்தார்கள். மூன்று மாதம் கழித்து அடுத்த சோதனையில் ஐந்து. ஆனால் அன்று புதுச் சிக்கல் ஒன்று முளைத்தது. எந்தக் குழு என்பதை அக்காவிடம் சொல்லக்கூடாது என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள். சாவி, குடை, மனைவியின் பிறந்தநாள் எல்லாம் மறந்துபோகிற அந்த மண்டையில் இது ஒன்று மட்டும் ஆணி அடித்தாற்போல நின்றுவிட்டது. தபால் நிலைய வாசலில் அக்காவை நோக்கித் திரும்பி வாயைத் திறந்தே விட்டார். எதிர்ப்புற டீக்கடையில் காத்திருந்த மனைவி பாய்ந்து வந்து முந்தானையை அவர் வாயில் திணித்திராவிட்டால் அன்றைக்கே இளஞ்சிவப்புப் படிவம்தான்.

"சொல்லாதேன்னதுலேர்ந்து அது ஒண்ணுதான்க்கா நாக்கு நுனியில நிக்குது," என்று முந்தானைக்கு நடுவே அவர் குறைபட்டார்.

இருந்தது இன்னும் ஒரே ஒரு சோதனை. அதற்கு முந்தைய வாரம் மனைவி மூன்றாவது மாடிக்கு வந்தார். தம்பி கேட்டுவிட்டானாம், கடையை நிரந்தரமாக என் பேருக்குக் கொடு, இல்லையென்றால் மாதக் கடைசியில் பழைய வேலைக்கே போய்விடுகிறேன் என்று. அவனைக் குறை சொல்லவும் முடியாது. யோசித்து யோசித்து அந்த அம்மா தானாகவே ஒரு முடிவுக்கு வந்திருந்தார். அதைப் பெரிய டாக்டரிடம் இல்லை, அக்காவிடம் சொன்னார்.

"அந்தப் பட்டியல்ல இருக்கிற எட்டையும் அவர் முடிக்கட்டும்க்கா. அன்னைக்கே பெட்டிச் சாவியைக் கையில கொடுத்து நாற்காலியில நிறுத்திடுறேன். ஏழுன்னா கூட வேணாம், தம்பி பேருக்கே எழுதிடுறேன். எனக்கும் எத்தனை நாள்தான் மனசு ஊசலாடும்."

அளப்பவர் யாருக்காகவும் ஆசைப்படக் கூடாது என்பது விதி. அக்கா பென்சிலைச் சீவ ஆரம்பித்தார். பாதிமீசை எட்டையும் முடித்தாலும், நடுவில் உளறிவிட்டால் சோதனை செல்லாது, நாற்காலியும் போகும். உளறாமல் இருப்பது அந்த மனிதரால் ஆகாத காரியம். தெரிந்துகொள்ளாமல் இருப்பது அக்காவால் ஆகாத காரியம். இரண்டு ஆகாத காரியமும் ஒரே காலையில் நடந்தாகவேண்டும்.

சோதனை நாளில் அக்கா இரண்டு காதிலும் பஞ்சு அடைத்துக்கொண்டு வந்தார். பாதிமீசை இரண்டு சட்டைப்பையிலும் புதினா மிட்டாயோடு வந்தார். அது மனைவியின் ஏற்பாடு. சொல்லவேண்டும்போல வந்தால் ஒரு மிட்டாயைப் போட்டு வாயை அடைத்துக்கொள்ள வேண்டும். கடைத்தெரு தொடங்கும் இடத்துக்கு வருவதற்குள்ளேயே அவர் நான்கு போட்டிருந்தார், கன்னம் இரண்டும் உப்பியிருந்தன.

பட்டியல் கைமாறியது. அவர் நடந்தார், அக்கா பின்தொடர்ந்தார். காதில் பஞ்சு இருந்ததால் பின்னால் வந்த கைவண்டிக்காரர் கத்தியது அக்காவுக்குக் கேட்கவில்லை. அவர் வண்டியோடு பொறுமையாகப் பின்னாலேயே வந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு வண்டி சேர்ந்து, கொஞ்ச நேரத்தில் அது ஓர் ஊர்வலம்போல ஆயிற்று. நூலகத்தில் பாதிமீசை வாய் நிறைய மிட்டாயோடு எத்தனை மணிக்குப் பூட்டுவீர்கள் என்று கேட்டதை நூலகர் வேறு ஏதோ மொழி என்று நினைத்துக்கொண்டு, மிக மரியாதையாக அகராதிகள் இருக்கும் அலமாரியைக் காட்டினார். இவர் கையால் பூட்டுப்போலக் காட்டி, கடிகாரத்தைத் தொட்டு, ஒருவழியாகப் பதிலை வாங்கிவிட்டார்.

அப்போதுதான் அக்கா ஒன்றைக் கவனித்தார். ஒவ்வொரு கடை முடிந்ததும் அவருடைய நடை தளர்ந்தது. கண் எங்கேயாவது மேய ஆரம்பித்தது. ஒரு கிளிக்கூண்டின் பக்கம், ஒரு தலை கலைந்த வழிப்போக்கரின் பக்கம் என்று கால் திரும்பியது. பிறகு சட்டென்று நின்றார். மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். இரண்டு நொடி யோசித்தார். பட்டியலை எடுத்துப் பார்த்துவிட்டுச் சரியான கடைக்கு விறுவிறுவென்று நடந்தார். ஒருதடவை இல்லை, ஒவ்வொரு தடவையும் இப்படியே நடந்தது. நிற்கிறார், யோசிக்கிறார், போகிறார். அக்காவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நில், யோசி. இது புதுப் பயிற்சியேதான். இதற்கு மேல் யாரும் வாயைத் திறந்து சொல்லவேண்டியதே இல்லை.

நல்லவேளை, ஊகம் என்பது தெரிந்ததில் சேராது. ஊகத்தை எழுதுவதற்கென்றே ஒவ்வொருவருடைய மூன்றாவது சோதனைத்தாளின் கடைசிப் பக்கத்திலும் ஒரு கட்டம் இருந்தது. இவர் எந்தக் குழு என்று நினைக்கிறீர்கள், எவ்வளவு உறுதி என்று கேட்டிருக்கும். அக்காவுக்கு அந்த வேலையிலேயே பிடித்த இடம் அந்தக் கட்டம்தான். ஐம்பத்தொன்பது பேருக்கும் அவர் அதைப் பேனாவால் எழுதியிருந்தார், மற்றதெல்லாம் பென்சில்.

ஏழு வேலை முடிந்தது. மணி பதினொன்று பதினான்கு. மணிக்கூண்டுக்கு அடியில் இருவரும் எதிரெதிரே நின்றார்கள். கடைத்தெருவே விற்பனையை விட்டுவிட்டுப் பார்த்தது. டீக்கடையில் மனைவி இரண்டு கையாலும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். எட்டாவது வேலைக்கு அவர் பேசியாக வேண்டும், அக்கா கேட்டாக வேண்டும். முள் பதினைந்துக்கு வந்தது. அக்கா பஞ்சை எடுத்தார். பாதிமீசை கடைசி மிட்டாயை விழுங்கினார். சட்டைப்பையைத் தடவிப்பார்த்தார், காலி.

"மணி பதினொன்னேகால்," என்றார் மிகத் தெளிவாக. அதே மூச்சில், "அக்கா, என்னை வந்து…"

அவ்வளவுதான் அக்கா கேட்டது. அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு, மற்றொரு கையால் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, வாயால் 'லாலாலா' என்று சத்தம் போட்டபடி தலைதெறிக்க ஓட்டம்பிடித்தார். சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்காமல் விட மனமில்லாத பாதிமீசை, ஏணியிலிருந்து விழுந்த நாள்முதல் எதையும் முடித்தே அறியாத பாதிமீசை, இதை மட்டும் முடித்தே தீருவது என்று பின்னாலேயே ஓடினார். பதினோரு வருடமாக ஆண்களைப் பின்தொடர்ந்த பெண்மணியை முதல்தடவையாக ஓர் ஆண் துரத்துகிறான் என்று காய்கறிக்காரம்மா எழுந்து நின்று பார்த்தார். அக்கா மருந்துக்கடைக்குள் புகுந்து, இருமல் மருந்துப் பெட்டிகளுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டார்.

"இன்னைக்கு யாரு யாரைப் பின்தொடர்றது?" என்று மருந்துக்கடைக்காரர் குனிந்து விசாரித்தார்.

வாசலில் மனைவி புருஷனைப் பிடித்து நிறுத்திவிட்டார். வாய்வரை வந்ததை எங்கேயாவது கொட்டித்தானே ஆகவேண்டும், அவர் அதைச் செருப்புத் தைப்பவரிடம் கொட்டினார். செருப்புத் தைப்பவர் பாத்திரக்கடையில் சொன்னார். மத்தியானத்துக்குள் கடைத்தெரு முழுவதற்கும் தெரிந்துபோயிற்று, அக்காவைத் தவிர.

எட்டுக்கு எட்டு. அக்கா மதிப்பெண்ணை எழுதினார். கடைசிப் பக்கத்தில் புதுப் பயிற்சிக் குழு, உறுதி பத்துக்குப் பத்து என்று பேனாவால் எழுதி இரண்டு கோடும் போட்டார். அன்று மாலையே பெட்டிச் சாவி கைமாறியது என்றும், மச்சான் ஊருக்குப் பெட்டி கட்டுகிறான் என்றும் கேள்விப்பட்டு, பெரிய டாக்டரின் அலமாரியிலிருந்து இரண்டு பிஸ்கட் எடுத்துத் தின்று கொண்டாடினார்.

முடிவு வெளியாகும்வரை மூன்று வாரம் கடைத்தெரு அவரைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. தக்காளியை எடைபோடும்போதே காய்கறிக்காரம்மா புன்சிரிப்போடு, "சொல்லட்டுமா?" என்பார். அக்கா தக்காளியை அப்படியே விட்டுவிட்டு ஓடுவார். அந்த மூன்று வாரமும் லிப்ட் மெக்கானிக் தக்காளி இல்லாமல்தான் சாப்பிட்டார். அதற்கும் 'ம்' தான்.

கூட்டம் நடந்த நாளில் அக்கா இஸ்திரி போட்ட சேலையில் முதல் வரிசையில் உட்கார்ந்தார். புள்ளிவிவரக்காரர் எழுந்து, புதுப் பயிற்சிக் குழு கொஞ்சம் கூடுதலாகத் தேறியிருக்கிறது, ஆனால் எதிர்பார்த்த அளவு இல்லை என்றார். மற்றக் குழுவும் சேர்ந்து தேறிவிட்டது, ஏன் என்று புரியவில்லை என்றார். அடுத்து, அளப்பவருக்கு உண்மையிலேயே எதுவும் தெரியாமல் இருந்ததா என்பதைச் சோதிக்கும் பக்கத்துக்கு வந்தபோது அவருடைய முகம் மலர்ந்தது. அக்காவின் ஊகங்கள் அறுபது. அதில் சரியானவை முப்பது.

"சரியா முப்பது. காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் இதேதான் வந்திருக்கும். இவ்வளவு சுத்தமான தெரியாமையை நான் பார்த்ததே இல்லை," என்று அவர் நெகிழ்ந்துபோய்ச் சொன்னார்.

பெரிய டாக்டர் எழுந்து வந்து அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். எல்லோரும் கைதட்டினார்கள். அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. அந்தப் பாதிமீசை, என்று கேட்டார். புள்ளிவிவரக்காரர் தாளைப் புரட்டி, வழக்கமான குழு, வழக்கமான பயிற்சியும் அறிவுரைத் தாளும்தான், ஒரு குறுஞ்செய்திகூட அவருக்குப் போகவில்லை என்றார்.

அக்காவுக்கு அது உண்மையிலேயே வலித்தது. ஊரில் யார் எதை மறைத்தாலும் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன் என்று இருந்தவருக்கு, தன் கண்ணும் காசும் ஒன்றுதான் என்று கைதட்டிச் சொன்னால் எப்படி இருக்கும். சாயங்காலம் வீட்டுக்காரரிடம் அழாத குறையாகச் சொன்னார். அவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, "முப்பது சரிதானே," என்றார். அவர் ஒரு விஷயத்துக்கு இரண்டு வார்த்தை செலவழித்ததே பெரிய ஆறுதல்.

மறுநாள் அக்கா நேரே முடிதிருத்தும் கடைக்குப் போனார். இனிமேல் எதை வேண்டுமானாலும் கேட்கலாம், எந்தப் படிவமும் இல்லை. குறுஞ்செய்தியும் இல்லாமல் புதுப் பயிற்சியும் இல்லாமல் அந்த மனிதர் எப்படி நின்றார், எப்படி யோசித்தார் என்று தெரியாவிட்டால் மண்டை வெடித்துவிடும்போல இருந்தது.

கடையில் நாற்காலிக்குப் பின்னால் நின்றது மச்சான். கட்டிய பெட்டியைப் பிரித்து, கடையை எழுதிக்கொள்ள மாதக் கடைசிக்காகக் காத்திருந்தான். பாதிமீசை மூலையில் துண்டு மடித்துக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி அக்காவைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சாவியைக் கொடுத்து நாற்காலியில் நிறுத்தியது நிறுத்தியதுதான், முதல் வாரத்திலேயே மூன்று பாதிமீசை, ஒரு பாதித்தலை. பாதித்தலை ஒரு மாப்பிள்ளை வேறு.

"கடைத்தெருவுல எட்டையும் முடிச்சாரேக்கா. இங்க ஒரு மீசையை முடிக்க மாட்டேங்கிறாரே."

அக்கா பாதிமீசையின் எதிரில் உட்கார்ந்து, அன்றைக்குக் கடைக்குக் கடை ஏன் நின்றீர்கள் என்று கேட்டார். அவர் மடித்துக்கொண்டிருந்த துண்டைப் பாதியில் விட்டார். அவருக்கு அதில் ஒளிக்க எதுவும் இல்லை, ஒளிக்கவும் தெரியாது.

"திரும்பிப் பார்த்தா நீங்க நிப்பீங்க. அட்டையும் பென்சிலுமா, சிரிக்காம. அடடா, ஏதோ செய்யணும்னுல்ல வந்தோம்னு ஞாபகம் வந்துடும். மொதத் தடவை திரும்பவே தோணல, அப்புறம் அந்த விஷயத்தைச் சொல்லிடணும்னு திரும்பப் போய் அதுவே பழக்கமாயிடுச்சு. அதான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். இங்க திரும்பினா மச்சான்தான் இருக்கான். அவனைப் பார்த்தா எனக்கு ஒண்ணும் ஞாபகம் வரல, கோபம்தான் வருது."

மற்றக் குழுவும் ஏன் தேறியது என்று புள்ளிவிவரக்காரருக்குப் புரியாத விஷயம் இங்கே துண்டு மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அறுபது பேருக்கும் பின்னால் பத்தடி தள்ளி நில், யோசி என்று ஓர் ஆள் நடந்துகொண்டே இருந்திருக்கிறார். அளக்கப் போன முழக்கோலே மருந்தாகியிருக்கிறது.

அந்த நேரம் பார்த்து ஒருவர் சவரத்துக்கு வந்தார். அக்கா பையிலிருந்து அட்டையை எடுத்து, நாற்காலிக்குப் பின்னால் சுவரோரமாகப் போய் நின்று முகத்தை இறுக்கிக்கொண்டார். மனைவி தம்பியைக் கண்ணால் விலக்கிவிட்டுக் கத்தியைப் புருஷனிடம் கொடுத்தார். பாதிமீசை வலதுபக்கத்தை முடித்தார். தரையில் கிடந்த முடியைப் பார்த்தார். கண் துடைப்பத்துக்குப் போயிற்று. பிறகு நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தார். கண்ணாடிக்குள் வாடிக்கையாளரின் தலைக்கு மேலே அக்கா நின்றுகொண்டிருந்தார். அவர் இடதுபக்கத்துக்குப் போனார். மனைவி வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். இதில் அழ என்ன இருக்கிறது என்று வந்த ஆள் தன் மீசையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டார்.

தினமும் வந்து நிற்க அக்காவால் ஆகுமா? அதனால் அங்கேயே, அட்டையும் பென்சிலுமாக, மனைவி அவரைப் போனில் படம் எடுத்தார். அக்காவுக்குப் படம் என்றாலே பல் தெரியவேண்டும்.

"சிரிக்காதீங்கக்கா. சிரிச்சா வேலைக்கு ஆகாது," என்று அந்த அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

படத்தை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி, கண்ணாடிக்கு நேரெதிர்ச் சுவரில் மாட்டினார்கள். மாதக் கடைசியில் மச்சான் மறுபடி பெட்டியைக் கட்டி, இந்த முறை உண்மையிலேயே ஊருக்குப் போனான். அக்கா விஷயத்தைப் பெரிய டாக்டரிடம் சொன்னதும் அவர் முதலில் தலையில் கைவைத்தார், பிறகு கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அறுபது பேருக்கும் அக்கா ஒரேமாதிரிப் பின்னால் போனதால் ஆராய்ச்சி பிழைத்தது. கட்டுரையின் கடைசியில் 'மதிப்பிட்டவர் உடன் இருந்ததே ஒரு நினைவூட்டலாக அமைந்திருக்கக்கூடும்' என்று ஒரு வரி சேர்ந்தது. அந்த ஒரு வரியை மட்டும் வெட்டி எடுத்து, அக்கா லேமினேஷன் போட்டு வைத்திருக்கிறார்.

போனமாதம் அக்கா தன் வீட்டுக்காரரை மீசை திருத்த அங்கே அழைத்துப்போனார். தான் உள்ளே போனால், படம் மட்டும் போதுமா என்கிற சோதனை கெட்டுவிடும் என்று வாசலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டார். காதில் பஞ்சு இல்லை. வீட்டுக்காரர் நாற்காலியில் சாய்ந்து, கண்ணாடிக்குள் தன் தலைக்கு மேல் தன் பெண்டாட்டி முறைத்துக்கொண்டு நிற்பதைக் கொஞ்சநேரம் பார்த்தார். பாதிமீசைக்கு இவர் யாரென்று தெரியாது. வலதுபக்கம் முடிந்து கை நின்ற இடைவெளியில் லிப்ட் மெக்கானிக், எப்போதும் இல்லாத திருநாளாக, தானாகவே வாயைத் திறந்து கேட்டார்.

"யாருங்க அந்த அம்மா?"

பாதிமீசை நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தார்.

"அவங்களா? அவங்களுக்கு ஒண்ணும் தெரியாதுண்ணே. சும்மா பார்த்துக்கிட்டு இருப்பாங்க," என்று சொல்லிவிட்டு மீசையின் இடதுபக்கத்துக்கு வந்தார்.